நான் வெட்டிய இருபது வினாடி

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று முறைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். காரணம் கடிதத்தின் நடுவில் வரும், அவசரப்பட்டு அங்கே தாவிவிடாதே. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் எதையாவது கிண்டலாகச் சொல்லி நழுவிவிடுவேன், காகிதத்தில் அது முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து துணி காயப்போடுவது என் வேலையாகிவிட்டது, கிளிப்பை எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்று கீழே நின்றபடியே குரல் கொடுக்கிறாள். உன் தம்பி பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிவிட்டான், அதாவது உன் பக்கம் சாய்ந்துவிட்டான். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து சார்ஜ் போடுகிறான், ஜன்னலைச் சாத்த முடியாமல் வீடு முழுக்கக் கொசு. பூமியைக் காப்பாற்றுகிறவர்கள் முதலில் என் தூக்கத்தைக் காப்பாற்றட்டும். போன வாரம் மழைக்கே சம்பந்தமில்லாத மாதத்தில் மழை கொட்டித் தீர்த்தது. அம்மா நான்தான் அதை வரவழைத்த மாதிரி என்னைப் பார்த்தாள். நான் பிறந்த வருஷமும் இதே மாதத்தில் வெள்ளம் வந்ததாம், என் அத்தை சொல்லியிருக்கிறார் என்றேன். அதற்கு அவள், "உங்க அத்தை சொன்னா அப்படியே நம்புவீங்க, படிச்ச பொண்ணு சொன்னா மட்டும் காது கேக்காது" என்றாள்.

உள்ளதைச் சொல்கிறேன், பூமி சூடாகிறது என்று நீ சொல்வதை நான் இன்னும் நம்பவில்லை. வெயிலும் மழையும் முன்னே பின்னே வருவதுதான் உலகம். இதைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான், ஸ்விட்சை நம் கையில் கொடுத்துவிட்டு அவன் எங்கும் போய்விடவில்லை என்பது என் எண்ணம். குழாயைச் சரியாக மூடு, வாசலைப் பெருக்கு, அடுத்தவன் பங்கைத் தொடாதே, அது போதும். நிலக்கரி மின்நிலையத்தை மூடச் சொல்கிறாயே, அப்புறம் லிஃப்ட் எதில் ஓடும்? முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் கேட்கிறேன், யோசித்து பதில் எழுது. சூரியன் என்று சொல்லாதே, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஐந்தாவது மாடிக்காரர்கள் நடந்தா போவார்கள்?

சரி, சுற்றி வளைத்தது போதும். போன மாதம் அந்த மின்நிலையத்தைப் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீ பேசினாயே, அந்த வீடியோவைத் தம்பி எனக்கு அனுப்பினான். நான் அதிலிருந்து இருபது வினாடியை மட்டும் வெட்டி எடுத்தேன். எப்படி வெட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். நீ இரண்டு கையையும் தூக்கி, பூமி கொதிக்கிறது என்று கத்துகிற இடம். அதை எங்கள் கட்சியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "எங்க வீட்டு விஞ்ஞானி. சின்ன வயசுல ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து போட்டுட்டுப் போனவ, இப்போ பூமியையே ஆற வைக்கப் போறா" என்று எழுதினேன். நாற்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, மத்தியானம் வரை எண்ணிக்கொண்டே இருந்தேன். அங்கிருந்து என் வரி இல்லாமல் வீடியோ மட்டும் எங்கெங்கோ போயிருக்கிறது. ஒருவர் உன் ஆபீஸ் பெயரைச் சேர்த்தார், இன்னொருவர் உன் போட்டோவை ஒட்டினார், அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளை என் பேனா எழுதாது. நீ அம்மாவைக் கூப்பிட்டு அழுதாயே, அப்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன், அறுந்த செருப்பு வாரைத் தைத்துக்கொண்டு. ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. "யாரு ஆரம்பிச்சாங்கன்னே தெரியலம்மா, ஆபீஸ் போகவே பயமா இருக்கு" என்றாய். ஊசி விரலில் ஏறியதுகூட எனக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு அம்மா, "எந்தப் பாவி இதைச் செஞ்சான்?" என்று கேட்டாள். எவனோ வேலை வெட்டி இல்லாதவன் என்றேன். கண்ணு, அந்தப் பாவியும் நான்தான், வேலை வெட்டி இல்லாதவனும் நான்தான்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் பிரார்த்தனைக்குப் போகிறவன் அல்லவா, அந்த மூன்று நாளும் போனேன், கண்ணை மூடினேன், வார்த்தை வரவில்லை. நீ பிறந்ததிலிருந்து என் பிள்ளைகளைக் காப்பாற்று என்றுதான் கேட்டு வருகிறேன். இப்போது யாரிடமிருந்து காப்பாற்றச் சொல்வது? நான்காம் நாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று தயாராக நின்றேன், அவள் அடுப்பை மட்டும் அணைத்தாள். "அவ பேசினதை முழுசாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து நாற்பது நிமிடமும் பார்க்க வைத்தாள். முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை, புரிந்ததில் பாதியை ஒப்புக்கொள்ளவில்லை, அதைப் பிறகு பேசுவோம். ஆனால் உன் காகிதத்தின் கடைசிப் பக்கம் வரும்போது நீ கையைக் கீழே போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "எங்க அப்பா லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடியில மெஷின் ரூம்ல வேலை பாத்துட்டு ஒருநாள் மத்தியானம் எங்க வீட்டு வாசல்லயே மயங்கி விழுந்தாரு. எனக்கு ஒன்பது வயசு. நான் இந்த வேலைக்கு வந்தது அன்னிக்குத்தான்." அன்று நான் காலையில் சாப்பிடாமல் போனேன், அதனால்தான் மயக்கம், வெயிலால் இல்லை, இதை நீ எங்கே வேண்டுமானாலும் குறித்து வைத்துக்கொள். இதைத்தான் அம்மாவிடமும் சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அந்த வாரக் கட்சிக் கூட்டம் வழக்கம்போல அச்சகத்து மாடியில். என்னைத் துணைத்தலைவராக அறிவிப்பதாக இருந்தது. நான் நுழைந்ததும் நம் மீசைக்காரச் செயலாளர், "விஞ்ஞானியோட அப்பா வந்துட்டாரு, ஃபேனைக் கூட்டி வைங்கப்பா" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. "அதை முதல்ல போட்டது நான்தான், அது தப்பு. அவ சொல்றதை நான் நம்பல, நாளைக்கும் நம்ப மாட்டேன். ஆனா அவளைப் பத்தி அசிங்கமா எழுதினவங்க இங்க இருந்தா எழுந்திருங்க" என்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. செயலாளர், "நீங்களே போட்டுட்டு நீங்களே வருத்தப்பட்டா நாங்க என்னண்ணே பண்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான், இறங்கி வந்துவிட்டேன். படியில், கூட்டத்தில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். "ஆபீஸ் பேரைச் சேர்த்தது நான்தாண்ணே. நாலு பேரு சிரிப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் சட்டையைப் பிடிக்கக் கை போனது. ஆனால் நான் போட்டதும் நாலு பேர் சிரிக்கத்தானே. கையை எடுத்துக்கொண்டேன். இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து எங்கள் போனில் இருந்ததை அழித்தோம், குரூப்பில் எங்கள் பெயரைப் போட்டுத் தப்பு எங்களுடையது என்று எழுதினோம். வெளியே போனது போனதுதான், அதை எங்களால் பிடித்து வர முடியவில்லை. துணைத்தலைவர் பதவி இப்போது பெயின்ட் கடைக்காரருக்கு. கட்சியை விட்டுவிட்டேன் என்று குதிக்காதே, அடுத்த தேர்தலிலும் அதே சின்னம்தான், நீ எத்தனை வீடியோ போட்டாலும் சரி. உன் ஆபீசுக்கும் நடந்ததை விளக்கி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. நீ சரி என்றால் மட்டும் அனுப்புவேன். உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி எதையும் எங்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மன்னித்துவிடம்மா. இந்த ஒரு சொல்லை எழுதத்தான் இத்தனை பக்கம். எத்தனை நாள் கோபமாக இருக்க வேண்டுமோ இரு, ஆனால் கோபத்தை அம்மா மூலம் சொல்லி அனுப்பாதே, நேராக என்னிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் போனை நான்தான் எடுப்பேன். நீ முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். இந்த வரியைப் படித்துவிட்டு அம்மா, இது எந்த ஊர்க் கதை என்று கேட்கிறாள்.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும், தைரியமாக ஆபீஸ் போய் வா, நெஞ்சை நிமிர்த்தி நட. வீடியோவில் காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறாய், இந்த வாரமே கண்ணைப் பரிசோதித்துவிடு, ஒத்திப் போடாதே. அம்மாவும் தம்பியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள்.

நீ சொன்னதை நம்பாவிட்டாலும் உன்னை நம்புகிற,
உன் அப்பா