மூக்குக்கு நேரே நின்ற ஈ

ராயபுரம், 1968

அன்பு மகள் ஃப்ளோராவுக்கு,

மாதா தயவில் அப்பா சுகம். அம்மாவுக்கு இருமல் குறைந்ததா?

துறைமுகத்தில் கிரேன்காரருக்குக் கைசாடை காட்டுவது நான்தான். முஷ்டி பிடித்தால் மூட்டை நிற்கும், கையை வீசினால் இறங்கும். நேற்று ஆட்கள் தலைக்கு மேல் மூட்டை தொங்கும்போது, மஞ்சள் வரிக் குளவி ஒன்று என் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்றது. முன்பு குளவி கொட்டி எனக்குத் தொண்டை அடைத்ததே! ஆனாலும் எப்படி விரட்டுவேன்? அது முஷ்டியிலேயே உட்கார்ந்தது. உன் வீர அப்பா நான், நின்றபடியே அழுதேன்.

ஆட்கள் விலகியதும், என்னோடு வேலை பார்க்கும் தாமோதரன் ஓடிவந்து பார்த்தான். "அய்ய, இது கொளவி இல்ல நைனா, ஈ! கொட்டாது. எப்பனா ஒருவாட்டி கடல் தாண்டி வரும்" என்று சிரித்தான். என் விரல்களை அவன்தான் பிரித்துவிட்டான்.

நாளை நிஜக் குளவி வந்தால்? அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு, முகத்தில் கட்டிக்கொள்கிறேன். துவைக்க வேண்டாம். சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

அப்பா
இன்னாசி