இரட்சிக்கப்பட்ட நாளும் மணியும்

காலைத் தபாலில் ஒரு படிவம் வந்திருக்கிறது. பெரம்பலூர் சபைக்கு நூற்றாண்டு மலர் போடுகிறார்களாம். உயிரோடு இருக்கும் போதகர்களில் நான்தான் மூத்தவன் என்பதால் என் போட்டோவும் வாழ்க்கைக் குறிப்பும் வேண்டுமாம். பிறந்த தேதிக்கும் குருப்பட்டம் பெற்ற ஆண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம்: ‘இரட்சிக்கப்பட்ட நாளும் மணியும்’. பேனாவைத் திறந்தவன் மூடி வைத்துவிட்டேன். நிரப்பத் தெரியாமல் இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக, நூறு மேடைகளில் தடங்கலில்லாமல் சொன்னதுதான். இன்றைக்கு மட்டும் உன்னிடம் பேசாமல் எழுத வரவில்லை.

பெங்களூரில் நாம் படித்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நீ கீழப்பழுவூர், நான் அரியலூர். பி.ஏ. முடித்துவிட்டு குருப்பட்டத்துக்குப் படிக்க வந்த அந்த இறையியல் கல்லூரியில் நம் பக்கத்து ஆட்கள் நாம் இரண்டே பேர், ஒரே அறை. மெஸ்ஸில் சோறு குறைந்து கேழ்வரகு வந்ததும் மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். நீ இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

நம் மெதடிஸ்ட் சபையின் சரித்திரம் நடத்திய துரையை உனக்கு நினைவிருக்கும். சபையைத் தொடங்கியவர் தன் மனம் அனல்கொண்ட நாளையும் மணியையும் குறித்து வைத்திருந்தார் என்பதை எத்தனை முறை சொன்னாரோ. அதிலிருந்து, போதகராக வருகிறவன் ஒவ்வொருவனும் தனக்கு அப்படி நேர்ந்த நாளைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. நாமும் சொல்லித்தான் உள்ளே வந்தோம். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் நீ முணுமுணுத்தாய். “நம்ம ஊர்ல பொறந்த நாளே பாதிப் பேருக்குத் தெரியாது. மறுபடி பொறந்ததுக்கு மணி கேக்குறாங்கடா.”

பாடத்தைப் படித்து மார்க் வாங்கினால் போதாதா உனக்கு? பழைய மெதடிஸ்டுகள் இரண்டு மூன்று பேராகக் கூடி, ஒருவர் தன் குற்றத்தை இன்னொருவரிடம் அறிக்கையிடுவார்கள் என்று படித்தாய். நாமும் செய்து பார்க்கலாம் என்றாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜெபாலயத்துக்குப் பின்னால், நாம் இருவர் மட்டும். விதி இரண்டுதான். உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நீ வாய் திறந்தாய். ஏரிக்கரையில் அந்திப் பொழுதில் வெளிச்சம் கண்டதாக நீ சொன்ன சாட்சி இட்டுக்கட்டியது என்றாய்.

“நான் மாட்ட ஓட்டிக்கிட்டு வூட்டுக்குப் போனேன், அவ்வளவுதான்டா. ஆண்டவர நம்புறேன். ஆனா அவங்க கேக்குற அந்த நாளு எனக்கு வரவே இல்ல.”

“எனக்கும் வரலடா” என்றேன். அரியலூர் ஸ்டேஷனில், திருச்சி வண்டி புறப்பட்டுப் போன அமைதியில், ஆண்டவர் என்னைப் பேர் சொல்லி அழைத்தார் என்று நான் சொன்ன கதை, பழைய மிஷன் பத்திரிகைகளைப் படித்துக் கோத்தது. அதைச் சொன்னபோது நீ என் தோளில் கை போட்டுக்கொண்டாய். பொய்யில்லாமல் நான் உட்கார்ந்திருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

படிப்பு முடிந்து, சபையின் வருடாந்திரக் கூட்டமான சினாடுக்காக திருச்சிக்கு ரயிலேறினோம். அங்கே நம் பேர்கள் ஏற்கப்பட்டால்தான் குருப்பட்டம். வழியில் நீ சொன்னாய். “நான் எழுந்து சொல்லிடப் போறேன். பொய்ய வச்சுக்கிட்டு அங்கி போட முடியாது. ஒன்ன இழுக்க மாட்டேன், பயப்படாத.”

நான் பயந்தேன். தானாக எழுந்து சொல்கிறவனைப் பெரியவர்கள் ஒரு வருடம் நிறுத்தி வைத்து மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். பிறர் சொல்லி அகப்படுகிறவனின் பேரை அடித்துவிடுவார்கள். இது நம் இருவருக்கும் தெரியும். நீ எழுந்தால் உனக்கு வழி இருந்தது. ஆனால் ‘அறைத் தோழனுக்கு இது தெரியுமா, அவன் எப்படி’ என்று கேட்டால் உனக்குப் பொய் வராதே.

ஒவ்வொரு பேரையும் வாசித்து, ‘இவர்மேல் யாருக்காவது ஆட்சேபம் உண்டா’ என்று கேட்பது அங்கே வழக்கம். அதையும் சரித்திரப் பாடத்தில்தான் படித்தோம். உன் பேர் வந்தது. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ எழப்போனாய். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். ‘மிகுந்த மன வேதனையோடு’ என்று ஆரம்பித்து, உன் ஏரிக்கரைச் சாட்சி பொய் என்று முடித்தேன். அதையும் இங்கிலீஷில் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தலைவர் உன்னிடம் கேட்டார், இது மெய்யா என்று.

“மெய்தாங்க.”

“வேறு ஏதாவது சொல்ல உண்டா? வேறு யாரைப் பற்றியாவது?”

நீ என்னைப் பார்த்தாய். கோபம்கூட இல்லை, என்ன நடந்தது என்று புரியாத முகம். “இல்லீங்க ஐயா” என்றாய். உன் பேரை அடித்தார்கள். அடுத்து என் பேர். என்மேல் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

நீ ஊருக்குப் போய் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானாய். நான் பெரம்பலூரில் அங்கி போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கடிதம் போட்டேனா? இல்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருடம் நம் சபையும் மற்ற சபைகளோடு ஒன்றாகி, மெதடிஸ்ட் என்ற பேரே போயிற்று. எந்தப் பேருக்காக உன் பேரை அடித்தார்களோ அந்தப் பேர். அதற்கடுத்த மழைக்காலத்தில் கீழப்பழுவூரில் காலரா. வீடு வீடாகக் கஞ்சியும் வெந்நீரும் கொண்டுபோன உன்னை மூன்றாம் நாள் அது பிடித்தது. அடக்க ஆராதனை நடத்த என்னைத்தான் கூப்பிட்டார்கள். நடத்தினேன். குரல்கூட நடுங்கவில்லை.

மண் தள்ளி முடிந்ததும் உன் அம்மா என்னிடம் வந்தார்கள். முன்பெல்லாம் தம்பி என்று கூப்பிட்டவர்கள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணுங்க. எம் மவன் மோட்சத்துக்குப் போயிருப்பானா?”

“போயிருப்பாம்மா.”

“நீங்கதானங்க சொன்னீங்க, அவனுக்கு அந்த நாளு வரலன்னு. வராதவங்க எப்புடிப் போவாங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. படித்தவன், அங்கி போட்டவன், எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டார்கள். ‘எனக்கும் வரவில்லை அம்மா, அது வராதவர்களும் அவருடைய பிள்ளைகள்தான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரி. “ஆண்டவர் சித்தம்” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

மறு வருடம் உன் ஊரையும் என் பொறுப்பில் சேர்த்தார்கள். பதினோரு வருடம், மாதம் ஒருமுறை, திருவிருந்தில் உன் அம்மாவின் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தேன். ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள், இந்த மாதமாவது ஏதாவது சொல்வேனா என்று. நான் அடுத்த கைக்கு நகர்ந்துவிடுவேன். நீ நரகத்தில் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டேதான் அவர்கள் செத்துப்போனார்கள்.