ஆல்ட்டர் என்ற பெயரில் ஓர் அட்டை

தாஷ்கண்ட்
3 மார்ச் 1993

அன்புள்ள கித்லா அக்காவுக்கு,

இங்கு நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போலந்திலிருந்து நாஜிகளுக்குத் தப்பி இங்கே வந்த யூதர்களின் பதிவு அட்டைகளை இரண்டாம் முறையும் புரட்டிவிட்டேன். உங்கள் தம்பி லெய்ப் ஷாஃப்ரான் இல்லை. இறந்தவர்கள் ஏட்டிலும் இல்லை, அதுவரைக்கும் நல்லது.

உங்கள் ஊர், உங்கள் குடும்பப் பெயர், 1936இல் பிறப்பு என்று ஓர் அட்டை அகப்பட்டது. தாயார் பெயர்கூட ஹாயாதான். ஆனால் பையன் பெயர் ஆல்ட்டர். உங்களுக்கு ஒரே தம்பி என்றீர்களே, திரும்ப வைத்துவிட்டேன். இந்த ஆவணக் காப்பகத்தில் நான் ஒருத்திதான் வேலை பார்க்கிறேன். மூன்றாம் முறை தேடச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
மவ்லுதா

ஹைஃபா
29 மார்ச் 1993

தங்கை மவ்லுதாவுக்கு,

அந்த அட்டையை உடனே வெளியே எடு. பிழைக்காது என்று கைவிட்ட பிள்ளைக்கு எங்களவர்கள் பெயரை மாற்றுவார்கள். ஆல்ட்டர் என்றால் கிழவன். மரணத் தூதன் பழைய பெயரைச் சொல்லித் தேடிவிட்டு, அப்படி யாரும் இல்லையென்று திரும்பிப் போவானாம்.

போர்க்காலத்தில் தாஷ்கண்டில் இருந்தபோது எனக்குப் பதினாலு வயது. பருத்தி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டிருந்தாள். லெய்ப்பும் அதே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் என்றார்கள். பெயர் மாற்றியதை எனக்குச் சொல்ல ஆளில்லை. ஆஸ்பத்திரியில் போய் லெய்ப் எங்கே என்று கேட்டேன். "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றார்கள். தூதனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை எனக்குச் சொன்னார்கள். நானும் நம்பித் திரும்பிவிட்டேன்.

இறந்தவர்களுக்கு வருஷா வருஷம் நினைவு மெழுகுவத்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். முதல் வருஷம் இருவருக்குமாக இரண்டு வாங்கினேன். அம்மாவுக்கானதை ஏற்றினேன். அவனுக்கானதை ஏற்றக் கை வரவில்லை. இன்றுவரை என் இழுப்பறையில் கிடக்கிறது.

கித்லா

தாஷ்கண்ட்
8 மே 1993

அன்புள்ள அக்கா,

எனக்கே தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் தவறிய பிறகு பிறந்த தம்பிக்கு 'துர்சுன்', அதாவது 'இருக்கட்டும்' என்றுதான் பெயர்.

முகவரி அலுவலகத்தில் கேட்டேன். ஆல்ட்டர் ஷாஃப்ரான் இருக்கிறார். டிராம் பணிமனையில் மெக்கானிக். இத்தனை வருஷமாக அவர் பழுது பார்த்த டிராமில்தான் நான் வேலைக்குப் போய்வருகிறேன்.

வீட்டுக்குப் போனேன். முதலில் கதவைச் சாத்தப் பார்த்தார். அக்கா வருவாள் என்று ஆஸ்பத்திரி ஜன்னலோரம் காத்துக் கிடந்தாராம், அப்புறம் அநாதை விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. வாசலில் நின்றபடியே உங்கள் கடிதத்தை வாசித்தேன். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். பிறகு சொன்னார்:

"சாவ ஏமாத்த அம்மா ஒரு பொய் சொன்னா. அதுல அக்காவும் ஏமாந்துட்டா. போகட்டும், கிழவன் வேஷம் போட்டது போதும். லெய்ப்னே கூப்பிடச் சொல்லுங்க."

மவ்லுதா

ஹைஃபா
2 ஜூன் 1993

மவ்லுதா,

லெய்ப்புக்குத் தனியாக எழுதுகிறேன். நாலு தாள் கிழித்தாயிற்று. செப்டம்பரில் வருகிறேன், விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். முழங்காலுக்கு வேறு வழி கிடையாது, அது கூட வந்துதான் ஆகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. இழுப்பறையில் கிடந்த மெழுகுவத்தியை ஏற்றி, அந்த வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு உரித்தேன்.

உன் அக்கா,
கித்லா