தலைமாட்டுல வெச்ச நோட்டு

எங்க வீட்டு மகாலட்சுமி வனிதாவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்க வாய் வருது கண்ணு. எப்டி கேப்பேன்? மூணு நாள் ஜொரத்துல போய்ட்ட. ரெண்டு மாசம் ஆவுது.

உங்கப்பன் தோல் பேக்டரிக்குப் போறான், வர்றான். "அப்பன் மாட்டுத் தோல பதம் பண்றான், பொண்ணு மனுசத் தோல வளக்கறா"ன்னு நான் கிண்டல் பண்ணா சிரிப்பானே, இப்ப அத சொல்ல எனக்கே நாக்கு வரல.

ஆம்பூர்ல படிச்சி, பாகாயம் காலேஜுல டாக்டர் பட்டம் வாங்கி, ஜப்பான்ல ரெண்டு வருசம் இருந்துட்டு, தீக்காயம் பட்டவங்களுக்கு தோல் வளக்கணும்னு அதே காலேஜுக்கே திரும்பி வந்துட்ட. "இன்னாடி அது ஸ்டெம் செல்லு?"ன்னு கேட்டேன். "இன்னாவா ஆவறதுன்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லு அத்த. அதுக்கு சோறு போட்டு, தோலா வளருன்னு பழக்கணும்"ன்ன. "சொன்ன பேச்ச கேக்குதா? அப்ப உன்னவிட மேலு"ன்னேன். உழுந்து உழுந்து சிரிச்ச.

ஒண்ணு சொல்லணும். அதுக்குதான் எழுதறேன்.

உன்ன பாடைல ஏத்தறப்ப, உனக்குப் புடிச்சத கூட அனுப்பணுமேன்னு தேடுனேன். புடவை, வளையல் எதுலயும் உனக்கு ஆச கெடையாது. அந்தக் கருப்பு அட்ட நோட்டுதான் எப்பவும் பக்கத்துல இருக்கும். யாருக்கும் சொல்லாம அத துணியில சுத்தி உன் தலைமாட்டுல வெச்சிட்டேன். உன்னோடவே பொதச்சிட்டாங்க. புண்ணியம்னு நெனச்சேன்டி.

காரியத்தன்னிக்கு உன்னாண்ட படிக்கற ஆயிஷா வந்துச்சி. "அத்தம்மா, அக்கா நோட்டு எங்க? செல்லுக்கு எது எவ்ளோ குடுத்தாங்கன்னு அதுலதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல இன்னும் ஏத்தல"ன்னுச்சி. "நான் பாக்கலியேம்மா"ன்னுட்டேன்.

ஞாயித்துக்கெழம தவறாம போன் பண்ணுது. "கெடைச்சிதா அத்தம்மா? நாங்க வளத்தா செல்லு எல்லாம் செத்துப்போவுது." இல்லன்னு சொல்லிட்டு வெக்கறேன். எந்த மொகத்தோட கோயில்ல ஆத்தாளுக்கு வெளக்கேத்தறது? ரெண்டு மழ வேற பேஞ்சிடுச்சி. பேப்பரு தாங்குமா?

பொதச்சத தோண்டறது பாவமாச்சே. தோண்டாம உட்டா, வெந்த ஒடம்போட கெடக்கற யாரோ பெத்த புள்ளைக்கு நான் பண்றது இன்னா?

வர்ற ஞாயித்துக்கெழம போனுக்குக் காத்திருக்க மாட்டேன். நானே பாகாயம் போயி, "நான்தான் வெச்சேன்"ன்னு ஆயிஷா மொகத்தப் பாத்து சொல்றேன். திட்டட்டும். நோட்டு வேணும்னு அது சொன்னா, உங்கப்பன் கால்ல உழுந்தாவது சம்மதம் வாங்கறேன். அவனால மம்புட்டி எடுக்க முடியலன்னா நான் எடுக்கறேன். இது சத்தியம். உன் மூஞ்சிய மட்டும் பாக்கச் சொல்லாத கண்ணு.

உங்கப்பன்கூடப் பொறந்தவ,
உன் அத்த