முந்தின நாளே ஒட்டிய லேபல்கள்

பிப்ரவரி 9

தையல் ஆலை முகாம் நல்லபடியாக முடிந்தது. முப்பத்தொரு பெண்கள்! கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றாலே கதவைச் சாத்துகிறவர்கள், வரிசையில் நின்றார்கள். ஆலையில் எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுகிறவள்கூட வந்துவிட்டாள். பரிசோதனைக்கு வா என்று நாலு மாதம் அவள் தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். "சும்மா இருக்கிற உடம்புல எதையாவது கிளப்பி விட்டீங்க, உங்கள விடமாட்டேன் அக்கா" என்று ஆலைக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் திரைக்குப் பின்னால் போனாள்.

நேரம் மிச்சமாகட்டும் என்று பட்டியல் வரிசைப்படி, மாதிரி எடுத்துப் போடும் சீசாக்களில் பெயர் லேபலை முந்தின நாளே ஒட்டி வைத்திருந்தேன். டாக்டரம்மா பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 25

ரிப்போர்ட் வந்தது. ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் நல்ல சேதி. அந்த ஒருத்தி இஸ்திரி மேசைப் பெண். போனிலேயே அழுதுவிட்டாள், பாவம்.

வாயாடியையும் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல, நிம்மதியா இரு."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" திமிரைப் பார்.

மார்ச் 3

இஸ்திரிப் பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கருவி வைத்துப் பார்த்த டாக்டர், ஒரு மாற்றமும் இல்லையே என்றார். வெளியே டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொல்கிறாள்: "அன்னிக்கு வாயாடி, மெஷினுக்குத் திரும்பணும், நேரமாச்சுன்னு குதிச்சா. என் முறைய அவளுக்குக் குடுத்துட்டு, அடுத்து நான் போனேன்."

பையிலிருந்த முகாம் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இவளுக்கு அடுத்த பெயர் வாயாடியுடையது. சீசாக்களை வரிசையாக எடுத்து நர்ஸ் கையில் கொடுத்தவள் நான். பேர் கேட்டேனா? கேக்கல. ஒருத்திகிட்டயும் கேக்கல.

அப்ப அந்த ரிப்போர்ட் யாரோடது?

மார்ச் 4

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "எல்லாருக்கும் மறுபடி எடுக்கணும். மொதல்ல அவளுக்கு. நீயே போய்ச் சொல்லு."

அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 5

சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். வாயாடி மெஷினை நிறுத்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். நாலு மாசம் கெஞ்சி வரவெச்சு, ஒண்ணுமில்லன்னு நானே போன் போட்டு— சே.

மார்ச் 11

பரிசோதனைக்கு வந்தாள். சின்னதாகச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரம் ஆகுமாம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

மார்ச் 14

ராத்திரியெல்லாம் அந்தப் பட்டியலையே புரட்டிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிடேன் என்கிறார் வீட்டுக்காரர். விட்டால் மற்றவர்களை யார் தேடிப் போவது, இவரா?

மார்ச் 19

அவளுக்குத்தான். ஆனால் புற்றுநோய் இல்லை! செல்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டிருந்தால் சில வருஷத்தில் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம்கூட இல்லை, தானே நடந்து வந்தாள்.

அப்பாடா! படிக்கட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

"யாருக்குக்கா வைத்தியம் பாத்தாங்க, எனக்கா உங்களுக்கா?" என்றாள்.

பேசிட்டா.

ஏப்ரல் 20

மறு முகாம். இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி. இப்போது ஆளை எதிரில் வைத்துக்கொண்டுதான் லேபல் எழுதுகிறோம். வாயாடி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, யாரும் கூப்பிடாமலே திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "உன் பேர உன் வாயால சொல்லிட்டு உள்ள போ" என்று ஒவ்வொருத்தியையும் மடக்கினாள்.

கடைசியில் நானும் போனேன். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டது. என்னையும் விடவில்லை. பெயர் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"பயப்படாமப் போங்கக்கா. நான் இங்கதான் இருக்கேன்."