தகட்டில் எழுதியிருந்தது

ஆகஸ்ட் 9, சனி
மானாம்பதி தாண்டவராயன் வீட்டு ஸ்போர்ட்ஸ் கார் என் நைனாவின் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்துவிட்டது. இரண்டே சீட்டு, 1962ஆம் வருடத்து வண்டி. அவர் மகன் சுகுமாரின் மாப்பிள்ளை அழைப்பு இதில்தான். ஊர்வலம் நடை வேகத்தில் போகும். பழைய டைனமோ அந்த வேகத்தில் கரண்டு கொடுக்காது, விளக்கு மங்கிவிடும். அதனால் அதே வண்டியின் பிந்தைய மாடலிலிருந்து, மெதுவாகப் போனாலும் கரண்டு கொடுக்கும் ஆல்டர்னேட்டர் வாங்கியிருக்கிறார்கள். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் படித்துச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் யாருக்குக் கிடைக்கும் இந்த வேலை?

ஆகஸ்ட் 10, ஞாயிறு
பேட்டரியின் பிளஸ்ஸை வண்டியின் பாடியில் கொடுக்க வேண்டும் என்று படித்துச் சொன்னேன். "ஆமா, பழைய இங்கிலீஷ் வண்டி அப்படித்தான்" என்று நைனாவும் அப்படியே கொடுத்தார். புகை. ஆல்டர்னேட்டர் கருகிவிட்டது.
தாண்டவராயனிடம் நைனா சொன்னது: "எங்கியோ வயர் இடிச்சிக்கிச்சி. என் கைதான் தப்பிடுச்சிங்க."

ஆகஸ்ட் 11
மாப்பிள்ளையின் தங்கை இளவரசி என் வகுப்புதான். எல்லார் முன்னாலும், "எங்க அண்ணன் வண்டில இவங்க நைனா கருவாடு சுட்டாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 16, சனி
கருகிய ஆல்டர்னேட்டரைப் பெட்ரோல் துணியால் துடைத்தேன். பிசுக்குக்கு அடியில் சின்னத் தகடு. மைனஸ் பாடியில் இருக்கும் வண்டிக்கு மட்டும் — இங்கிலீஷில், பெரிய எழுத்தில். நாங்கள் பாடியில் கொடுத்தது பிளஸ்.
நான் படித்தது பழைய வண்டியின் புத்தகம். மாட்டியது வேறு வருடத்துச் சாமான். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியைப் போட்டு மூடிவிட்டேன். நான் இன்னா பொண்ணு?

ஆகஸ்ட் 20
சாலவாக்கத்திலிருந்து ஒருவர் லைட் எரியாத ஜீப்பைக் கொண்டுவந்தார். "வயரிங்குக்கு சுப்பிரமணி கடைக்குப் போங்க" என்று நைனா அனுப்பிவிட்டார். அம்மா ஏன் என்றதற்கு, "கை மேல நம்பிக்க பூட்ச்சி" என்றார்.


ஆகஸ்ட் 28
மாப்பிள்ளை அழைப்பு. பழைய டைனமோவையே திரும்ப மாட்டியிருந்தார். கோயில் திருப்பத்தில் விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. "மாப்ள, கைல டார்ச்சு கீதா?" என்று ஒரு குரல். மேளக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நைனா செல்போன் வெளிச்சத்தைத் தரையில் காட்டிக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தார். கல்யாணத்துக்கென்று எடுத்த புதுச் சட்டை. மண்டபம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 29
காலையில் கருகிய ஆல்டர்னேட்டரை நைனா கையில் கொடுத்து, தகட்டைத் தமிழில் படித்துச் சொன்னேன். இளவரசி பேசியபோது நானும் சிரித்ததைச் சொன்னேன்.
தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.
"அப்ப கை தப்பல" என்றார்.
திட்டியிருக்கலாம். அதை ஓரமாக வைத்துவிட்டு, "போ, நாஷ்டா துன்னு."

செப்டம்பர் 1
ஜீப்காரர் மறுபடி வந்தார். சுப்பிரமணிக்கும் பிடிபடவில்லையாம். நைனா வயரைக் கையில் எடுத்தார். பிறகு ஜீப்பிலிருந்து கழற்றிய ஒரு சாமானை என் பக்கம் நீட்டினார்.
"பாப்பா, இதும்மேல இன்னா எழுதிக்கீது?"
முதலில் நன்றாகத் துடைத்தேன். எல்லா எழுத்தையும் படித்தேன், செய்த ஊரின் பெயர் வரைக்கும்.