பெரிய அலகில் மூன்று வெட்டு

பாறசாலை

அன்பு மகன் நிபினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவின் முட்டுவலிகூடத் தேவலை, அந்தக் குளிரில் நீயும் ஜோஸ்னாவும் சுகமாக இருக்க தினமும் முழங்காலில் நிற்கிறேன்.

அப்பாவின் ஸ்கவுட் கத்தியை எந்தக் கம்பெனி செய்தது என்று பார்க்கச் சொன்னாயே, பழைய கத்தி சேர்க்கிற உன் நண்பருக்குக் கொடுக்கலாம் என்று. நீ சொன்னபடி அலகு மடங்கும் இடத்தில் பழைய பிரஷால் தேய்த்தேன். டின் திறக்கிற சின்ன அலகின் அடியில் இங்கிலீஷில் கம்பெனிப் பெயர் தெளிந்தது. அப்பாவைப் பிடிக்க முடியவில்லை, அசல் சீமைக் கத்தியாக்கும், நான் அண்ணைக்கே சொன்னேன் இல்லியா என்று ஒரே ஆட்டம். பெரிய அலகில் எழுத்தே இல்லை, மூன்று வெட்டு மட்டும், நடுவில் நீளம், இரண்டு பக்கமும் குட்டை. அது ஸ்கவுட்டுக்க சின்னத்தில உள்ள பூவாக்கும் என்றார். எனக்கு அது எங்கேயோ கண்ட அடையாளம். அடுக்களையில் இருந்து என் வெட்டுகத்தியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதே மூன்று வெட்டு! அமரவிளையில் பட்டறை வைத்திருந்த என் அப்பா, தாம் அடித்த இரும்பில் எல்லாம் போடுகிற அடையாளம் மக்கா.

உன் அப்பா ஒத்துக்கொள்வாரா? சீமைக்காரனும் உனக்க அப்பனும் கூட்டுக் கச்சவடமா, ரெண்டு பேரும் சேந்து வியாபாரமா என்று கேலி. நான் விடவில்லை. ஸ்கூட்டரை எடுக்க வைத்து, அந்தக் காலத்தில் இந்தக் கத்தியை அவருக்குப் பரிசாகத் தந்த ஸ்கவுட் மாஸ்டர் ஜெயதாஸ் சாரைப் பார்க்க அதியன்னூருக்குப் போனோம். வயது எண்பத்தேழு, ஞாபகம் அப்படியே இருக்கிறது. கத்தியைக் கண்டதும் சிரியோ சிரி என்று சிரித்தார். எலே சத்தியதாஸே, கேம்பில இதை வச்சுத் தேங்கா பொளிக்கப் போயி அலகை முறிச்சது நீயாக்கும், நீ அழுதது காணப் பொறுக்காம நான் அமரவிளைப் பட்டறையில புது அலகு போட்டுக் கொண்டு வந்தேன், நீ சீமையில இருந்து வேற கத்தி வந்துதுண்ணு நம்பிட்டே, நானும் உள்ளதைச் சொல்லாம மிண்டாம இருந்துட்டேன் என்றார். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, அப்போ மாமாவுக்க அலகையாடி நான் இத்தனை வருஷம் சீமைண்ணு பெருமை அடிச்சேன் என்று கேட்டு அவரும் சிரித்துவிட்டார்.

மாற்றின அலகு என்றால் சேர்க்கிறவர்கள் தொடமாட்டார்கள் என்று நீ முன்பே சொன்னாய். நல்லதாய்ப் போயிற்று, உன் நண்பருக்கு வேண்டாம், எனக்கு வேண்டும். ஈஸ்டருக்கு டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல், மறக்காதே. ஜோஸ்னாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டு. கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து நடத்துவார். எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே என் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், மருமகன் முகத்தைக் காணாமலே போனாரே என்று நான் அழாத கிறிஸ்துமஸ் இல்லை. இப்போது பார் மக்கா, யார் என்றே தெரியாமல் தன் மருமகனுக்குக் கத்தி அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்மா சரோஜம்